அறை மாறினாலும் துண்டிக்காத வைஃபை: அனுபவங்களைப் பகிருங்கள்

வணக்கம் நண்பர்களே. தளத்துக்கு ஓர் ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவி) வைத்த பிறகும் மாடி ஏறும்போது வீடியோ அழைப்பு உறைந்துபோகிறது என்று பலரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதே தொல்லைதான். கான்கிரீட் தளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மூன்று தளத்திலும் மூன்று கருவிகள். சிக்னல் இல்லாத மூலையே கிடையாது. ஆனாலும் அம்மா கீழே பேசத் தொடங்கிய அழைப்பு மேலே போவதற்குள் அறுந்துவிடும்.

இதில் முதலில் மனத்தில் பதிய வேண்டியது, எந்த ஆக்சஸ் பாயிண்டில் இருப்பது என்று முடிவு செய்வது கைபேசிதான் என்பது. ரவுட்டர் யோசனை சொல்லலாம், கட்டளையிட முடியாது. ஐபோன் எப்படி ஓர் ஆக்சஸ் பாயிண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பதை ஆப்பிள் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. சிக்னல் மைனஸ் 70 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்) அளவுக்கு இறங்கும்வரை அது வேறு இடம் தேடாது. தேடும்போதும், தரவு ஓடிக்கொண்டிருந்தால் புதியது 8 டெசிபலாவது வலுவாக இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 12 டெசிபல்.

படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று அளந்து பார்த்தேன். தரைத்தளக் கருவியின் சிக்னல் மைனஸ் 66, முதல் மாடியுடையது மைனஸ் 48. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் கைபேசி அசையவில்லை. மைனஸ் 66 அதற்குப் போதுமானதாகவே தெரிகிறது! இன்னும் நாலு படி ஏறிக் கான்கிரீட் குறுக்கே வந்ததும் சிக்னல் சட்டென்று விழுகிறது. அப்போதுதான் தேடத் தொடங்குகிறது. அந்த இடைவெளியில்தான் குரல் உடைகிறது.

ஆகவே மூன்று கருவிகளிலும் ஒலிபரப்புத் திறனை 20 டிபிஎம்மிலிருந்து 12-க்குக் குறைத்தேன். அதே திருப்பத்தில் கீழ்த்தள சிக்னல் மைனஸ் 74 ஆனது, மேலுள்ளது மைனஸ் 56. கைபேசி அங்கேயே மாறிக்கொள்கிறது. திறனைக் குறைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கைபேசியின் ரேடியோ சிறியது. ஆக்சஸ் பாயிண்ட் உரக்கப் பேசுவது அதற்குக் கேட்டாலும், அது பேசுவது ஆக்சஸ் பாயிண்டுக்கு எட்டாமல் போகலாம். கோயில் ஒலிபெருக்கி நம் காதில் விழும், நாம் பதில் சொன்னால் அங்கே கேட்குமா? கைபேசியில் கோடுகள் நிறைய இருந்தும் இணையம் நகராமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடிப்படைகளையும் சரிபாருங்கள். பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றும் எல்லாக் கருவியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐபி முகவரி வழங்குவது ஒரே ரவுட்டராக இருக்கட்டும். மற்றவற்றை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றிவிடுங்கள். முகவரி மாறினால் அழைப்பு போய்விடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் கருவிக்கு ஒன்றாக 1, 6, 11 ஆகிய சேனல்கள் (அலைவரிசைகள்), அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்துடன் 36, 44, 149 வைத்தேன். 52-லிருந்து 144 வரை ரேடாருடன் பகிரப்படும் சேனல்கள். அவற்றில் கைபேசி தானாகக் குரல் கொடுத்துத் தேடாது, காத்திருந்துதான் கண்டுபிடிக்கும், தாவல் தாமதமாகும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் தாவலுக்கு உதவும் 802.11 கே, வி, ஆர் என்ற மூன்று வைஃபை வசதிகளையும் இயக்கினேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை கே கொடுக்கும். இடம் மாறலாமே என்று வி பரிந்துரைக்கும். புதிய ஆக்சஸ் பாயிண்டுடன் நடக்கும் பாதுகாப்புச் சாவிப் பரிமாற்றத்தை ஆர் சுருக்கும். பலர் இதிலிருந்து தொடங்கிச் சலித்துப்போகிறார்கள். ஒரே கடவுச்சொல் போடும் வீட்டில் ஆர் தரும் ஆதாயம் சிறிதுதான் என்பது என் கருத்து. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மறுமொழி:
வீட்டைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன் ஐயா, அலுவலகத்தில் அப்படி இல்லை. எங்கள் இடத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயர், கடவுச்சொல். ஒவ்வொரு தாவலிலும் பயனரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வரை போய் வர வேண்டும். வைஃபை தொலைபேசியில் பேசிக்கொண்டே தாழ்வாரத்தில் நடந்தால் சொற்கள் விழுங்கப்படும். ஆர் இயக்கியதும் அது நின்றது. ஒரு எச்சரிக்கை: 2017 அக்டோபரில் பாதுகாப்பு ஆய்வாளர் மாத்தி வான்ஹோஃப் வெளியிட்ட, க்ராக் எனப்படும் வைஃபை பாதுகாப்புப் பலவீனங்களுள் ஒன்று, ஆர் வசதி உள்ள ஆக்சஸ் பாயிண்டையே குறிவைப்பது. பழைய கருவியை வாங்கிப் பொருத்துபவர்கள் மென்பொருளைப் புதுப்பிக்காமல் ஆர் பக்கம் போக வேண்டாம்.

மறுமொழி:
நான் ஒரு சிறிய மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர் இயக்கிய அன்றே மருந்தகத்துப் பழைய பிரிண்டர் நெட்வொர்க்கில் சேர மறுத்தது. பில் போட வரிசை நிற்கிறது, பிரிண்டர் மட்டும் இணையவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும், ஆர் இல்லாமல் தனிப் பெயரில் ஒன்று அமைத்து அதை அங்கே மாற்றினேன். இடம் நகராத கருவிக்குத் தாவல் வசதி எதற்கு? ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: வழக்கமாக அதனுடன் வரும் சிறிய டபிள்யூபேட் (வைஃபை இணைப்பைக் கையாளும் நிரல்) தொகுப்பில் ஆர் உண்டு, கே, வி முழுமையாக வேண்டுமானால் பெரிய தொகுப்பை நிறுவ வேண்டும். எந்தக் கருவிகளுக்கிடையே ஆர் முறையில் தாவலாம் என்று காட்டும் மொபிலிட்டி டொமைன் என்ற நான்கு இலக்கக் குறியீடு எல்லாக் கருவியிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுமொழி:
அண்ணா, ஆக்சஸ் பாயிண்டுகளை இணைக்கக் கேபிள் இழுக்க வழியில்லை, வாடகை வீடு. ரிப்பீட்டர் வைத்தால் போதுமா?

தொடக்கப் பதிவர்:
தம்பி, ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் தனக்கு வந்த சிக்னலை அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். வாங்குவதானால் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ உள்ள மெஷ் (ஒரே நெட்வொர்க்காகச் சேர்ந்து இயங்கும் வைஃபை கருவிகள்) வாங்குங்கள். அதற்கு முன் பழைய கேபிள் டிவி வயர் போன குழாய் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் அதன் வழியாகவே கேட் 6 கேபிளை இழுத்துவிடலாம். 100 மீட்டர் வரை தாங்கும், உரிமையாளரின் சுவரில் புதிதாகத் துளையிடவும் வேண்டாம். மின்கம்பி போகும் குழாயில் மட்டும் சேர்த்து இழுக்காதீர்கள்.