ஜோபர்க் குளிரும் டூவேயும்: என்ன வாங்குவது, எப்படித் துவைப்பது

கேள்வி:

எல்லோருக்கும் வணக்கம். கணவரின் வேலை மாற்றத்தால் போன மாதம்தான் கோயம்புத்தூரிலிருந்து ஜொகன்னஸ்பர்க் வந்தோம். ரேண்ட்பர்க் பக்கம் ஒரு காம்ப்ளெக்ஸில் வீடு. ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வை இரண்டைச் சேர்த்துப் போர்த்தினாலும் விடியற்காலையில் கால் விறைத்துப் போகிறது. டூவே என்கிற தடித்த மெத்தைப் போர்வை வாங்கலாமென்று கடைக்குப் போனால் உள்ளே இருக்கும் போர்வை (இன்னர்) தனியாம், அதன் மேலுறை (கவர்) தனியாம், சைஸ் வேறு ஏகப்பட்டது. எதை வாங்குவது, எப்படித் துவைப்பது? மூன்று வயதுப் பையனும் எட்டு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறார்கள்.

பதில்:

வாங்க தங்கச்சி. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த ஊரில் குளிர் வீட்டுக்குள்தான் அதிகம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், கிட்டத்தட்ட நம் குன்னூர் உயரம். ஜூன், ஜூலையில் பகலெல்லாம் நல்ல வெயில், 16, 17 டிகிரி இருக்கும். ராத்திரி நாலைந்து டிகிரிக்கு இறங்கும், சில நாள் பூஜ்யத்தையே தொடும். வீடுகளில் சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், டைல்ஸ் தரை. 2,000 வாட் ஆயில் ஹீட்டர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் போய்விடும். ப்ரீபெய்டு மீட்டரில் காசு கரைவது கண்ணுக்குத் தெரியும். அறை முழுவதையும் சூடாக்குவதை விடப் படுக்கையைச் சரியாக அமைத்துக்கொள்வதுதான் கட்டுப்படியாகும்.

கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதியை இன்னரில் போடுங்கள். கவர் சாதாரணமாக இருந்தால் போதும். குளிரைத் தடுப்பது இன்னருக்குள் தேங்கி நிற்கும் காற்றுதான். அதனால் கனமாக இருப்பதெல்லாம் கதகதப்பாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வாத்து இறகு, தூவி (இறகுக்கு அடியிலுள்ள மென்மையான பூஞ்சிறகு) நிரப்பியது எடை குறைவு, சூடு அதிகம், விலையும் அதிகம். ஈரம் பட்டால்தான் தொல்லை. மைக்ரோஃபைபர், ஹாலோஃபைபர் என்கிற செயற்கை இழை நிரப்பியவை மலிவு, மெஷினில் துவைக்கலாம். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் பாலும் மூத்திரமும் படாமல் இருக்காது, உங்களுக்கு மைக்ரோஃபைபர்தான் சரி. பையில் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் நிரப்பியிருக்கிறார்கள் என்பது. 200 மெல்லியது, 400 நல்ல தடிமன். ஆனால் ஒரே வகை நிரப்பலுக்குள்தான் இந்த எண்ணை ஒப்பிட வேண்டும். 200 ஜிஎஸ்எம் தூவியும் 200 ஜிஎஸ்எம் மைக்ரோஃபைபரும் ஒன்றல்ல.

சைஸ் விஷயத்தில் பெயரை நம்பாமல் சென்டிமீட்டரைப் பாருங்கள். இங்கே சிங்கிளுக்கும் டபுளுக்கும் நடுவில் 'த்ரீ குவார்ட்டர்' என்று ஒரு கட்டில் உண்டு, 107 செ.மீ. அகலம். டபுள் 137, குயின் 152, கிங் 183. குயின் டூவே பொதுவாக 230க்கு 200 இருக்கும். இன்னரும் கவரும் ஒரே அளவாக இருக்கட்டும். பெரிய கவருக்குள் சின்ன இன்னர் போட்டால் ராத்திரி முழுக்க ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். இருவரில் ஒருவர் இழுத்துப் போர்த்துகிறவராக இருந்தால் ஆளுக்கொன்றாக 150க்கு 200 வாங்குங்கள், சண்டையே வராது.

கவர் பருத்தியாக இருக்கட்டும். குளிர்காலக் காற்று இங்கே அத்தனை வறட்சி. பாலியஸ்டர் கவர் என்றால் புரளும்போதெல்லாம் சுரீரென்று ஷாக் அடிக்கும். மிஸ்டர் பிரைஸ் ஹோம், ஷீட் ஸ்ட்ரீட் மாதிரிக் கடைகளில் செட்டாகக் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசாவுக்கும் போய்ப் பாருங்கள். நிறவெறி ஆட்சி பேஜ்வியூ என்ற பகுதியிலிருந்து அப்புறப்படுத்திய இந்திய வியாபாரிகளுக்காக 1970களில் கட்டிய இடம் அது. துணிக்கடைகள் வரிசையாக இருக்கும், பேரம் பேசலாம்.

கவர் மாட்டுவதற்கு: கவரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள். இரண்டு கையையும் உள்ளே விட்டு, கவரின் திறந்த பக்கத்திலிருந்து தூரத்தில் இருக்கும் இரண்டு மூலைகளையும் உள்ளிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் துணியோடு சேர்த்து இன்னரின் இரண்டு மூலைகளையும் கெட்டியாகப் பிடித்து, கையைத் தூக்கி உதறுங்கள். கவர் தானாகப் புரண்டு இன்னர்மேல் இறங்கிவிடும். உள்ளே மூலையில் நாடா இருந்தால் முதலிலேயே கட்டிவிடுங்கள். பட்டன் உள்ள பக்கம் காலடியில் வர வேண்டும்.

தலைமாட்டுப் பக்கம்தான் நமக்குப் பெரிய வேலை. எண்ணெய் தேய்த்த தலையும் கன்னமும் படுகிற ஒரு சாண் அகலம் பதினைந்தே நாளில் மஞ்சளாகிப் பிசுக்கேறிவிடும். டூவேக்கு அடியில் ஒரு மெல்லிய பருத்தி விரிப்பைப் போட்டு, அதன் மேல்விளிம்பை டூவே மேல் ஒரு முழம் மடித்துவிடுங்கள். அழுக்கெல்லாம் அந்த மடிப்பிலேயே நிற்கும், அதை மட்டும் அடிக்கடி துவைத்தால் போதும். கவரிலேயே ஏறிவிட்டால், தண்ணீர் காட்டுவதற்கு முன்பு பாத்திரம் கழுவும் சன்லைட் திரவத்தைக் கறைமேல் விட்டு விரலால் தேய்த்து, கால்மணி நேரம் ஊறவைத்து அப்புறம் மெஷினில் போடுங்கள். மஞ்சள்தூள் கறை சோப்பு பட்டதும் சிவக்கும், பயப்படாதீர்கள். துவைத்து வெயிலில் போட்டால் வெளுத்துவிடும்.

கவரை வாரம் ஒருமுறை, முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துவையுங்கள். பருத்தி என்றால் 60 டிகிரியில் போடலாம். படுக்கைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி அந்தச் சூட்டில்தான் சாகும், 40 டிகிரி பற்றாது. பையனுக்கு வீசிங் இருந்தால் இதில் கவனமாக இருங்கள். இன்னருக்கு வருஷத்தில் இரண்டு தடவை போதும்: குளிர் தொடங்கும் முன்பு மே மாதம் ஒன்று, செப்டம்பர் கடைசியில் ஒன்று. சின்ன மெஷினில் திணிக்காதீர்கள். உள்ளே புரள இடமில்லாவிட்டால் சோப்பும் போகாது, நடுப்பகுதி நனையவும் செய்யாது. பெரிய மெஷின் உள்ள லாண்ட்ரோமேட்டுக்கு (காசு கொடுத்துத் துவைக்கும் கடை) எடுத்துப் போங்கள். டிரையரில் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்தோடு சுற்றவிட்டால் கட்டி தட்டாது. வெளியே எடுத்ததும் தையல் ஓரங்களை அழுத்திப் பாருங்கள், ஈரம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

மற்றபடி இந்த ஊர் வெயிலைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மழை அநேகமாக இல்லை. தெற்கு அரைக்கோளம் என்பதால் வடக்கு பார்த்த ஜன்னல் பக்கம்தான் வெயில் வரும். பத்து மணிக்கு மேல் நாற்காலி முதுகில் இன்னரைப் போட்டு, மதியத்துக்குள் எடுத்துவிடுங்கள். பால்கனிக் கம்பியில் துணி போடப் பல காம்ப்ளெக்ஸில் அனுமதி இல்லை, கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கோடையில் காலையிலேயே காயப்போட வேண்டும், மத்தியானத்துக்கு மேல் இடி மழை வந்துவிடும்.

எலெக்ட்ரிக் பிளாங்கெட் வாங்கினால் அது விரிப்புக்கு அடியில் போடுவது. படுப்பதற்கு அரை மணி முன்பு போட்டு, படுக்கும்போது சுவிட்சையும் அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் போய்ப் பாதி ராத்திரியில் திரும்பி வந்தால் அது தானாகச் சூடாகத் தொடங்கும். பையன் படுக்கையில் வேண்டாம். கைக்குழந்தைக்கு டூவேயே கூடாது, தலையணையும் கூடாது. ஒரு வயது முடியும்வரை முகத்தில் எதுவும் விழக்கூடாது. உடம்போடு மாட்டும் ஸ்லீப்பிங் பேக் போடுங்கள். எத்தனை குளிராக இருந்தாலும் அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயுவில் தூக்கத்திலேயே உயிர் போகும், ஒவ்வொரு குளிர்காலமும் இங்கே நடக்கிறது.

கேள்வி:

அக்கா, நாங்கள் டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். இங்கேயும் இதே கதைதானா?

பதில்:

இல்லை தம்பி. உங்களுக்கு ஜூலையிலும் ராத்திரி 11, 12 டிகிரிதான். 200 ஜிஎஸ்எம் தாராளம். உங்கள் ஊரில் எதிரி கடற்காற்று ஈரம்தான், பூஞ்சை பிடிக்கும், தூசிப்பூச்சியும் பெருகும். கவரை 60 டிகிரியில் துவைப்பதை விட்டுவிடாதீர்கள். குளிர் முடிந்து எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். பழைய பருத்தித் தலையணை உறையோ வேட்டியோ போதும், அதில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். மாதம் ஒரு நாள் பிரித்து வெயில் காட்டுங்கள்.