அல்லி இலையின் அடிப்பக்கம் கற்றுத்தந்த வடிவம்

திரைச்சீலைத் துணிகளுக்கு அச்சு வடிவங்கள் வரைவது என் தொழில். புதிய வடிவம் தேவைப்படும்போது தாவரவியல் பூங்காவுக்குச் செல்வது வழக்கம். பூக்களைவிட இலைகளே எனக்குப் பெரும்பாலும் கைகொடுத்திருக்கின்றன. அவற்றுள் ராட்சத அல்லியின் இலை தந்ததை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

குளத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த பணியாளர், முதிர்ந்த இலை ஒன்றை அறுத்துக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார். மேலிருந்து பார்க்கையில் வெறும் பச்சைத் தட்டாகத் தெரியும் அந்த இலையின் அடிப்பக்கமோ செவ்வூதா நிறத்தில், முட்கள் நிறைந்து, நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும் புறப்பட்டு விளிம்பை நெருங்க நெருங்கக் கிளைத்து மெலியும் நரம்புகளும் அவற்றைக் குறுக்கே பிணைக்கும் சிறு நரம்புகளுமாக இருந்தது. 2 மீட்டருக்கும் மேல் அகலமாக வளரக்கூடிய இலை மடங்காமல் மிதப்பதற்கு இந்தச் சட்டகமே முக்கியக் காரணம். 1849இல் இங்கிலாந்தில் இந்த அல்லியைப் பூக்கவைத்த ஜோசப் பாக்ஸ்டன், 1851ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காக லண்டனில் எழுப்பிய கிரிஸ்டல் பேலஸின் கண்ணாடிக் கூரைக்கு இவ்விலையின் அமைப்பே வழிகாட்டியது என்று கூறியவர். அதை முன்பே படித்திருந்தாலும், முட்களுக்கிடையே விரல் வைத்து ஒரு நரம்பின் தடிப்பு படிப்படியாகக் குறைவதைத் தொடர்ந்தபோதுதான் அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது: அங்கே அழகுக்கென இடப்பட்ட கோடு ஒன்றுகூட இல்லை.

அன்று என் குறிப்பேட்டில் இலையின் உருவத்தை நான் வரையவேயில்லை. கோட்டின் தடிப்பு எப்படிக் குறைகிறது, கிளைகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடப்படுகிறது என்பவற்றை மட்டுமே குறித்துக்கொண்டேன். பின்னர் உருவான திரைச்சீலையில் கோடுகள் கீழ்விளிம்பில் தடித்துத் தொடங்கி, மேலே செல்லச் செல்லக் கிளைத்து மெலிகின்றன. துணி மடிப்பு மடிப்பாகச் சுருங்கித் தொங்கும்போதும் அவற்றின் போக்கு கண்ணுக்குத் தப்புவதில்லை. முன்பக்கம் பச்சை, உள்துணி செவ்வூதா என்ற நிறத்தேர்வும் அந்த இலையிடமிருந்தே பெற்றது.

சூரியகாந்தியின் விதை அடுக்கும் எனக்குப் பயன்பட்டிருக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் முந்தையதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை திருப்பி, மையத்திலிருந்து சிறிது சிறிதாக விலக்கி வைத்துக்கொண்டே போனால், வெற்றிடம் ஓரிடத்தில் திரளாமல் புள்ளிகள் சீராகப் பரவுகின்றன.

வடிவமைப்புத் துறையில் இருப்பவர்கள், பூங்காவில் கிளைகளைக் கத்தரிக்கும் நாட்களை விசாரித்துச் செல்வது நல்லது. இலையின் அடிப்பக்கம், தண்டின் வெட்டுமுகம், பிளந்த காய் போன்றவை அப்போது அருகில் பார்க்கக் கிடைக்கும். எதையேனும் எடுத்துச் செல்ல விரும்பினால் பணியாளரிடம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.