புதுப்பிப்பு: யானை வந்த இரவுக்குப் பிறகு மாத்திரையா, பேச்சு சிகிச்சையா?

போன பலாச் சீசனில் கூடலூர்ப் பக்கம் எங்கள் சமையலறைச் சுவரை யானை இடித்ததிலிருந்து தூக்கமே போய்விட்டது, டாக்டர் பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு) என்கிறார், மாத்திரை போதுமா பேச்சு சிகிச்சை வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேனே, அதன் முடிவு இது. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

முதலில் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு, பதற்றத்துக்கான மாத்திரைதான் ஆரம்பித்தார்கள். ஐந்தாவது வாரம் படபடப்பு குறைந்தது, ஆனால் பலாப்பழ வாசனை வந்தால் கை நடுங்குவது மட்டும் நிற்கவில்லை.

அது போனது, நடந்ததை நேராக எதிர்கொள்ளும் பேச்சு சிகிச்சைக்குப் போகச் சொல்லி இங்கே பதில் போட்ட அக்காவின் யோசனையால்தான். ஊட்டியில் வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், மொத்தம் 10 தடவை. கண்ணை மூடி அந்த இரவை இப்போது நடக்கிற மாதிரியே சொல்ல வேண்டும், அதை போனில் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். முதல் மூன்று வாரம் கெட்ட கனவு இன்னும் அதிகமானது, விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 2023 வழிகாட்டுதலும் மருந்தைவிட இந்த வகை சிகிச்சையைத்தான் முன்னால் வைக்கிறது. பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கும் அல்பிரசோலம் மாத்திரை வேண்டாம் என்று இங்கே எச்சரித்தவர் சொன்னதும் சரி, அந்த வழிகாட்டுதலிலும் அந்த வகை மாத்திரை கூடாது என்றுதான் இருக்கிறது.

அப்புறம், செர்ட்ராலினைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், எனக்கு டாக்டர் மெதுவாகத்தான் குறைக்கிறார். ஊட்டி வரை போக முடியாதவர்களுக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.