கிரீட் தீவு, எலூண்டா: ஒதுக்குப்புறக் கடலோர வில்லா, பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

வழிப்போக்கன் கேட்டது:

கிரீஸின் கிரீட் தீவில் எலூண்டா பக்கம் இரண்டு படுக்கையறை, தனி நீச்சல்குளம் உள்ள ரிசார்ட் வில்லா ஒன்றை ஏழு இரவுக்கு எடுப்பதாகத் திட்டம். பெரியவர்கள் நான்கு பேர், ஆறு வயதுக் குழந்தை ஒன்று. ஒருவருக்கு முழங்கால் தேய்மானம். ஒரே மூச்சில் பத்துப் படிக்கு மேல் ஏற முடியாது. இருவர் சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

படத்தில் எல்லா ரிசார்ட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன: நீலக் கடல், கல் சுவர், ஆளில்லாத கரை. ஆகஸ்ட் முதல் வாரமா, செப்டம்பர் கடைசியா? ‘வாட்டர்ஃப்ரன்ட்’, ‘பீச்ஃப்ரன்ட்’ என்று வேறு வேறு விலை போடுகிறார்களே, என்ன வித்தியாசம்? ‘பிரைவேட் பீச்’ என்றால் உண்மையிலேயே வேறு யாரும் வர முடியாதா? குளத்தைச் சூடாக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள், தேவையா?

செங்கால் நாரை:

முதலில் காற்று. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

கிரீட்டுக்கு வடக்கே உள்ள ஏஜியன் கடலில் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதிவரை வடக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு மெல்தெமி என்று பெயர். நம் வாடை மார்கழியில் வரும். இவர்கள் வாடை ஆடியில். பால்கன் பக்கம் உயரழுத்தம், துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தம், நடுவில் ஏஜியன் ஒரு சந்து. வானத்தில் பொட்டு மேகம் இருக்காது, அதனால்தான் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. காலையில் அடங்கியிருந்து, வெயில் ஏற ஏற வலுத்து, சாயங்காலம்வரை போகும். ஆரம்பித்தால் சில நாள் விடாது. ஜூலை, ஆகஸ்டில் போஃபோர்ட் அளவில் 6 தொடுவது சாதாரணம், அதாவது மணிக்கு 39 முதல் 49 கி.மீ. அம்மி பறக்காது, கடற்கரைக் குடை பறக்கும், கரையில் சிவப்புக் கொடி ஏறும், ஸ்பினலோங்கா தீவுக்குப் போகும் படகு நிற்கலாம்.

எலூண்டாவுக்குள்ளேயே இது இடத்துக்கு இடம் மாறும். வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஊருக்கு எதிரே ஒரு தீபகற்பம் கரைக்கு இணையாக நீளப் படுத்திருக்கிறது. அதற்கும் ஊருக்கும் நடுவில் இருப்பது ஆழமில்லாத காயல். தெற்கு முனையை ஒரு ஒடுங்கிய கல்பாதை அடைக்கிறது, வடக்கு வாயில்தான் ஸ்பினலோங்கா கோட்டைத்தீவு. இந்தக் காயலுக்குள் காற்று வரும், பெரிய அலை வராது. 1930-களில் இங்கிலாந்து–இந்தியா தடத்தில் ஓடிய இம்பீரியல் ஏர்வேஸ் கடல்விமானங்கள் எரிபொருளுக்கு இந்தப் பக்கம் இறங்கியதற்கும் இந்த ஒதுக்கம்தான் காரணம். காயலைத் தாண்டி வடக்கே பிளாக்கா. கோட்டை நேர் எதிரே தெரியும், காட்சி அபாரம், ஆனால் காற்றுக்குத் திறந்த இடம், கரை கூழாங்கல். தெற்கே அயியோஸ் நிகோலாவோஸ் போகும் வழியில் உள்ள குடாக்களுக்குப் பொது விதி சொல்ல முடியாது. குடாவின் வாய் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று பாருங்கள். வடக்கு, வடகிழக்கு என்றால் ஆகஸ்டில் யோசிக்கவும். தென்கிழக்கு என்றால் கவலை குறைவு.

தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் கடைசியே சரி. மெல்தெமி தளர்ந்திருக்கும், கடல் சுமார் 24 டிகிரி, வாடகையும் இறங்கியிருக்கும். ஒரு குறை: இந்தக் கரை கிழக்கு பார்த்தது, முதுகில் மலை. சூரியன் அஸ்தமனத்துக்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும், உங்கள் குளமும் நிழலுக்குள் போய்விடும்.

அடுத்து விளம்பரச் சொற்கள். ‘பீச்ஃப்ரன்ட்’ என்றால் மணலோ கூழாங்கல்லோ, நடந்து இறங்கும் கரை முன்னால் இருக்க வேண்டும். ‘வாட்டர்ஃப்ரன்ட்’ என்றால் முன்னால் தண்ணீர் இருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் பாறைமேல் மரத்தளம், தளத்திலிருந்து எஃகு ஏணி, இறங்கியதுமே ஆள் மூழ்கும் ஆழம், பாறையில் கடல்முள்ளெலி (மிதித்தால் காலில் முள் ஏறும்). முழங்கால் வலிக்கு ஏணி ஆகாது, ஆறு வயதுக்கும் ஆகாது. ‘சீ வியூ’ என்பது கடல் கண்ணில் படும் என்பதற்கு மேல் எதற்கும் உத்தரவாதமில்லை.

கிரீஸில் கடற்கரை பொதுச் சொத்து. எந்த ரிசார்ட்டும் அதை விலைக்கு வாங்க முடியாது. குடை, கட்டில் போட அரசிடம் குத்தகை எடுக்கிறார்கள். 2024-ல் வந்த சட்டப்படி அவை நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மீறினால் பொதுமக்கள் புகார் செய்ய ‘மைகோஸ்ட்’ என்று அரசே ஒரு செயலி விட்டிருக்கிறது. ஆகவே ஒதுக்குப்புறம் என்பது சட்டம் தருவதல்ல, நிலம் தருவது. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் சின்னக் குடா, சாலை ரிசார்ட் வழியாக மட்டும் என்றால் நடைமுறையில் யாரும் வருவதில்லை. அப்போதும் கடல்வழியாகப் படகு வந்து நங்கூரம் போடும், அதை யாரும் தடுக்க முடியாது.

இனி படி. உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம் என்பேன். இந்த ரிசார்ட்டுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக வெட்டிக் கட்டியவை. ‘கரைக்கு 200 மீட்டர்’ என்று எழுதியிருப்பார்கள். உயரத்தை எழுத மாட்டார்கள். கூகுள் எர்த்தில் வில்லாமேல் ஒரு முறை, கரைமேல் ஒரு முறை சுட்டியை வைத்து உயர எண்ணைப் பாருங்கள். 40 மீட்டர் வித்தியாசம் என்றால், படி ஒன்றுக்கு 17 செ.மீ. வீதம் ஏறக்குறைய 235 படி. ‘பக்கி வண்டி உண்டு’ என்பார்கள். ரிசார்ட்டுக்குள் ஆள் ஏற்றிப் போகும் அந்தச் சின்ன வண்டி பெரிய பாதையில்தான் ஓடும். அது நிற்கும் இடத்திலிருந்து கதவுவரை இன்னும் முப்பது படி இருக்கலாம். எனவே கேள்வியை இப்படி எழுதுங்கள்: பக்கி நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை எத்தனை படி? வில்லாவுக்குள் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே படி உண்டா, இரண்டாவது படுக்கையறை கீழ்த்தளமா? எண்ணாகப் பதில் வாங்குங்கள். ‘எளிதில் போகலாம்’ என்பது பதில் அல்ல.

சரிவில் இன்னொரு சிக்கல், மேல் அடுக்கு வில்லாவின் பால்கனி கீழ் அடுக்கின் குளத்தை நேராகப் பார்க்கும். தனிமைக்குத்தான் இவ்வளவு பணம் என்றால் மேல் அடுக்கோ வரிசைக் கடைசியோ கேளுங்கள். மேல் அடுக்குக்குப் படி கூடும். எது வேண்டும் என்பதை வீட்டில் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

தென்திசை:

ஆகஸ்ட்தான்னா எலூண்டாவே வேணாம். காத்து வடக்கிலிருந்துதானே வருது? நடுவில மலை இருக்கு. தெற்குக் கரை, இயெராபெத்ரா பக்கம் போயிடுங்க, கடல் தட்டா இருக்கும்.

செங்கால் நாரை:

@தென்திசை, பாதி சரி. தெற்கில் அலை குறைவு என்பது உண்மை. ஆனால் மலையில் மோதிய காற்று ஏறி, அந்தப் பக்கம் சரிவில் வேகம் பிடித்துக் கீழே விழும். சீராக அடிக்காமல் திடீர் திடீரென்று அறையும், மணலை வாரி முகத்தில் போடும். போதாததற்கு, அது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. தண்ணீர் தட்டையாகத் தெரிவதால் காற்றடைத்த மிதவையில் குழந்தையை விட்டால் அது வெளிக்கடலுக்குத்தான் போகும். இயெராபெத்ராவோ தீவின் மிக ஒடுங்கிய இடம், வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே 12 கி.மீ. சொச்சம்தான். இரண்டு மலைக்கு நடுவில் புனல் வைத்த மாதிரி.

கணக்கன்:

குளச் சூடு பற்றி. கணக்குப் போட்டால் பதில் தானாக வரும்.

வில்லாக் குளம் வழக்கமாக 8 × 4 மீட்டர், ஆழம் 1.4 என்று வைப்போம்: சுமார் 45 கன மீட்டர். ஆயிரம் லிட்டரை 1 டிகிரி ஏற்ற 1.163 யூனிட் வெப்பம் வேண்டும். குளம் முழுவதற்கும் டிகிரிக்கு 52 யூனிட். 21-லிருந்து 27-க்கு ஏற்ற 314 யூனிட். வெப்பப் பம்பு 15 கிலோவாட் வெப்பம் தருவதானால் 21 மணி நேரம், அதுவும் இடையில் ஒன்றும் இழக்காவிட்டால். உண்மையில் இழக்கும். ஆகவே நீங்கள் மதியம் போய்ச் சேர்ந்து ‘போடுங்கள்’ என்றால் மறுநாள் சாயங்காலம்தான் இறங்க முடியும். வருவதற்கு 48 மணி நேரம் முன்பே போடச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.

இழப்பு எங்கே என்றால் ஆவியாதலில். காற்றும் இரவும் சேர்ந்தால் மூடாத குளம் ஒரே இரவில் ஒரு டிகிரிக்கு மேலும் இழக்கும். இன்ஃபினிட்டி குளம் இன்னும் மோசம்: விளிம்பில் நீர் மெல்லிய தகடாக வழிந்து கீழ்த்தொட்டியில் விழுகிறது, வழியெல்லாம் ஆறுகிறது. அழகுக்குக் கொடுக்கும் விலை அது. இரவில் மூடி போடுகிறார்களா, வழிவுப் பம்பை நிறுத்துகிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் உங்கள் காசு ஆகாயத்துக்குப் போகிறது.

ஆகஸ்டில் சூடே வேண்டாம். செப்டம்பர் கடைசியில் பெரியவர்கள் சமாளிப்பார்கள். குழந்தை அரை மணியில் உதடு நீலமாகி வெளியே வரும். மூன்று நான்கு டிகிரிதான் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால் போட்டுக்கொள்ளலாம். கட்டணம் நாளுக்கா, மொத்தத்துக்கா, எத்தனை டிகிரிக்கு உத்தரவாதம் என்று கேளுங்கள். பம்பு எந்த அறைச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ராத்திரி முழுக்க உறுமும்.

சூட்டைவிட ஆழம் முக்கியம். இந்தக் குளங்கள் பலவற்றில் ஆழமில்லாத முனையே இருக்காது, மூலைக்கு மூலை 1.3 அல்லது 1.4 மீட்டர். ஆறு வயதுக் குழந்தை 1.15 இருக்கும். நிற்க முடியாது. உள்ளே படியோ திண்ணையோ இருக்கிறதா, அதன்மேல் எத்தனை செ.மீ. தண்ணீர்? வேலி இருக்குமென்று நம்ப வேண்டாம். படுக்கையறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேராகக் குளம் என்ற அமைப்புதான் அதிகம். கழற்றி மாட்டும் வலைவேலி கிடைக்குமா, கதவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

பச்சைமிளகாய்:

சாப்பாட்டை யாரும் சொல்லலையே. ஒதுக்குப்புறம்னா ராத்திரி எட்டு மணிக்கு மேல ரிசார்ட்டை விட்டா வேற வழியில்ல, அதனால முன்னாடியே பேசி வெச்சுக்கணும்.

கிரேக்கச் சமையல்ல சைவம் நிறைய. ஆனா ‘வெஜிடேரியன்’னு மட்டும் சொன்னா முட்டை வரும். அவங்க விரதச் சாப்பாட்டுக்கு ‘நிஸ்தீசிமோ’ன்னு பேரு: கறி, முட்டை, பால் எதுவும் இருக்காது. இந்தச் சொல் சொன்னா சமையல்காரருக்குச் சட்டுன்னு புரியும். ஒரே ஒரு பொறி, விரதத்துல கணவாயும் ஆக்டோபஸும் இறாலும் அவங்களுக்கு அனுமதி. அதனால ‘நிஸ்தீசிமோ, கடல் பொருளும் வேணாம்’னு சேர்த்தே சொல்லணும்.

நம்பிக் கேக்கக்கூடியது: ஃபாவா (மஞ்சள் பருப்பை மசிச்சு வெங்காயம், ஆலிவ் எண்ணெய் ஊத்துவாங்க, கிட்டத்தட்ட நம்ம பருப்புக் கடைசல்), ஹோர்த்தா (வேகவெச்ச கீரை, எலுமிச்சை பிழிஞ்சு), ப்ரியாம் (கத்திரி, உருளை, சுரைப் பிஞ்சு மாதிரி ஒண்ணு), யிகாந்தெஸ் (பெரிய வெள்ளை பீன்ஸ் தக்காளியில). டாக்கோஸ் கிரீட்டோட சொந்தப் பதார்த்தம், பார்லி ரஸ்க் மேல தக்காளித் துருவலும் பாலாடைக்கட்டியும்.

விசாரிக்க வேண்டியது: இலைச் சுருள் தோல்மாதெஸ்ல கொத்துக்கறி இருக்கலாம், ‘யலான்ஜி’ன்னா கறி இல்லாதது. தக்காளி, குடமிளகாய்ல அரிசி அடைச்ச யெமிஸ்தாவும் அப்படித்தான். கறி போடாததுக்கு ‘ஒர்ஃபனா’ன்னு பேரு, ‘அநாதை’ன்னு அர்த்தம். நாம சைவம்னு பெருமையா சொல்றதை அவங்க அநாதைங்கிறாங்க, போகட்டும். அவ்கோலெமோனோன்னு எதுல இருந்தாலும் அது முட்டையும் எலுமிச்சையும் அடிச்சது. ஃபெட்டா பாலாடைக்கட்டியில விலங்கு ரென்னெட் (பாலைத் திரிக்க விலங்கு வயித்துலேர்ந்து எடுக்கிற பொருள்) இருக்கலாம், அதுவும் ஆகாதுன்னா தவிர்த்துடுங்க.

வில்லாவுல ‘கிச்சனெட்’னு போட்டிருந்தா அடுப்பு இருக்குன்னு நினைக்காதீங்க. கெட்டில், சின்ன ஃப்ரிட்ஜ், காபி மெஷின், அவ்வளவுதான் இருக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பு வெச்சுத் தருவாங்கன்னா நல்லது. ஆனா சாதா அலுமினிய குக்கர் அதுல சூடாகாது, இண்டக்‌ஷன் அடி போட்டது வேணும். மின்சாரம் நம்ம மாதிரியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்ம மூணு முள் ப்ளக் மட்டும் அந்தச் சாக்கெட்ல நுழையாது, அடாப்டர் எடுத்துக்குங்க.

வழிப்போக்கன்:

எல்லாருக்கும் நன்றி. செப்டம்பர் கடைசி என்று முடிவு. இரண்டு சந்தேகம் மிச்சம். விலைப்பட்டியலின் அடியில் ‘கிளைமேட் ஃபீ தனி’ என்று இருக்கிறது, எவ்வளவு வரும்? விமானம் இறங்கும் ஹெராக்லியோனிலிருந்து கார் எடுப்பதா, ரிசார்ட் வண்டியா?

செங்கால் நாரை:

அது அரசு வரி, ரிசார்ட்டின் கட்டணம் அல்ல. 2025-லிருந்து ஏப்ரல் முதல் அக்டோபர்வரை ஐந்து நட்சத்திர விடுதியில் ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு 15 யூரோ. தலைக்கு அல்ல. ஏழு இரவுக்கு 105. உங்கள் வில்லாவை ஓர் அலகாகக் கணக்கிடுகிறார்களா, இரண்டு அறையாகவா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய்த்தான் கட்டுவீர்கள்.

விமான நிலையத்திலிருந்து எலூண்டா 70 கி.மீ., ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் சுற்றப் போவதில்லையென்றால் போக வர ரிசார்ட் வண்டி போதும். அதிலேயே குழந்தை இருக்கையும் கேட்டு வாங்குங்கள். கார்தான் என்றால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், அதை இங்கிருந்தே எடுத்துப் போக வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி குறைவு, சீக்கிரம் பதிவு செய்யுங்கள். வடகரை நெடுஞ்சாலையில் நிறைய இடத்தில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம்தான், நடுவில் தடுப்பு கிடையாது. பின்னால் வேகமாக வருபவர் உங்களை வலது ஓரம் ஒதுங்கச் சொல்லி நெருக்குவார். உள்ளூர்க்காரர்கள் பாதி வண்டியைச் சாலையோரப் பட்டையில் ஏற்றி வழிவிடுவார்கள். வளைவுக்குப் பின்னால் அதே பட்டையில் பழுதான வண்டி நிற்கலாம், எனவே கண்ணுக்கு எட்டும் நேர்பாதையில் மட்டும் ஒதுங்குங்கள்.

ஷெங்கன் விசா கையில் வரும்வரை பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்திலேயே பதிவு வைத்திருங்கள். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். சாதாரணமாக 15 நாள் என்றாலும் 45 நாள்வரை இழுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. வில்லாவின் ரத்துக் கெடு 30 நாள் என்றால் அதற்கும் முன்னால் விசா முடிவு வரும்படி தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள்.