புதுப்பிப்பு: 4294967297 பகா எண் அல்ல

முந்தைய பதிவில் 2³²+1, அதாவது 4294967297, அடிமானம் 2 கொண்ட ஃபெர்மா சோதனையில் தேறியதால் பகா எண்ணாகலாம் என்று எழுதியிருந்தேன். (அந்தச் சோதனை: எண் ப என்றால், அடிமானத்தை ப−1 அடுக்குக்கு உயர்த்தி ப-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தால் தேறியது.) அது தவறு. 2³²+1 போன்ற ஃபெர்மா எண்கள் (2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துக்கொண்டே போக, அதனுடன் 1 கூட்டியவை) எல்லாமே, பகு எண்ணானாலும், அந்தச் சோதனையில் தேறிவிடும். அடிமானம் 3 வைத்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

அதன் காரணிகள்: 641 × 6700417. கணிதவியலாளர் ஆய்லர் 1732-லேயே கண்டது.

வகுத்துத் தேடுவது எளிது. இதன் பகாக் காரணிகள் 128க+1 வடிவில்தான் வரும் (க ஒரு முழு எண்). அப்படி வரும் முதல் பகா எண் 257, மீதி 2. அடுத்தது 641, மீதியே இல்லை!

வகுக்காமலும் காட்டலாம், எனக்கு மிகவும் பிடித்த வழி இது. 641 = 5×2⁷+1; எனவே 641-ஆல் வகுத்தால் 5×2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்கில் 5⁴×2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 = 5⁴+2⁴ என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³²-க்கு மீதி 1. ஆக 2³²+1 மீதியின்றி வகுபடும்.

6700417 பகா எண்தான்: அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம், எனவே அதுவரை உள்ள 128க+1 வடிவப் பகா எண்களைப் பார்த்தால் போதும். 257 ஏற்கெனவே விலகிவிட்டது. 641, 769, 1153, 1409 ஆகியவற்றால் வகுத்தால் மீதி முறையே 44, 120, 334, 622.

நிரலில் சரிபார்ப்பவர்கள் 64 பிட் மாறி எடுங்கள். குறியற்ற 32 பிட்டில் இந்த எண் 1 ஆகச் சுருங்கிவிடும்.