96 கிலோஹெர்ட்ஸ் கோப்பை இயக்கினாலும் டாக் பெட்டியில் 48 என்றே காட்டுவது ஏன்?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு, என்னிடமிருந்த குறுந்தகடுகளை எல்லாம் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாக மாற்றி, விண்டோஸ் 11 இயங்கும் வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றோடு காசு கொடுத்து வாங்கிய சில உயர்துல்லியப் பதிவுகளும் உள்ளன. ஒரு வீணைக் கச்சேரி 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். ஒரு பியானோ தனி வாசிப்பு 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். 1980களின் பாடல் தொகுப்பு ஒன்று, அதுவும் 24 பிட், 96 என்று சொல்லியே விற்றார்கள். டிஎஸ்டி வடிவில் ஒரு பதிவும் உண்டு.

இவற்றைக் கேட்பதற்காக யூஎஸ்பி வழியாக இணையும் டாக் (கோப்பிலுள்ள எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் பெட்டி) ஒன்றைத் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். 192 வரை ஏற்கும் என்று அதன் கையேடு சொல்கிறது. வந்து சேரும் ஒலியின் மாதிரி வீதத்தை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்தார்கள் என்ற எண்ணை) காட்டும் சிறிய திரை அதன் முகப்பில் இருக்கிறது. குறுந்தகட்டுக் கோப்பை இயக்கினாலும் 48, வீணையை இயக்கினாலும் 48, பியானோவுக்கும் அதே 48. ஃபூபார்2000 செயலியைத்தான் பயன்படுத்துகிறேன். பெட்டியில் பழுதா, கணினியில் பழுதா என்று விளங்கவில்லை. கூடவே, பாட்டு ஓடாதபோதும் ஒலிபெருக்கியில் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மின்பொறி:

வணக்கம் ஐயா. தொடர்பு இல்லை, இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். முதலில் 48ஐப் பார்ப்போம். பெட்டி தனக்கு வந்ததைத்தான் காட்டுகிறது, ஆகவே அதில் பழுதில்லை. கணினிதான் எல்லாவற்றையும் 48 ஆக்கி அனுப்புகிறது.

விண்டோஸில் ஒரே சமயத்தில் பல செயலிகள் ஒலி எழுப்பலாம்: நீங்கள் கேட்கும் பாட்டு, உலாவியில் ஓடும் காணொளி, மின்னஞ்சல் வந்ததும் எழும் மணியோசை. இவற்றை ஒன்றாகக் கூட்டி ஒரே ஓடையாக வெளியே அனுப்பும் கலப்பான் ஒன்று இயங்குதளத்துக்குள் இருக்கிறது. வெவ்வேறு மாதிரி வீதத்தில் வரும் ஒலிகளை அப்படியே கூட்ட முடியாது என்பதால், அது முன்கூட்டியே குறித்து வைத்த ஒரு வீதத்துக்கு அனைத்தையும் மாற்றிக்கொள்கிறது. உங்கள் கணினியில் அந்த வீதம் 48 ஆக இருக்கிறது. அதனால் குறுந்தகட்டின் 44.1 தேவையில்லாமல் 48க்கு ஏற்றப்படுகிறது. பியானோவின் 192 இறக்கப்பட்டு, மாதிரி வீதத்தில் பாதி வரையிலான அதிர்வெண்களே அடங்கும் என்பதால், 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அதிர்வெண்கள் எல்லாம் வெட்டுப்பட்டுவிடுகின்றன.

ஒலி அமைப்புகளில் அந்த இயல்பு வீதத்தை 96 என்று மாற்றிவிடச் சிலர் சொல்வார்கள். மாற்றினால் திரையில் 96 வரும் என்பது உண்மைதான். ஆனால் குறுந்தகட்டுக் கோப்புக்கும் 96 என்றே வரும். எண் அழகாகிவிடுமே தவிர, மாற்றம் நின்றபாடில்லை. சரியான வழி, கலப்பானை அறவே ஒதுக்கிவிட்டு, செயலி நேரடியாக டாக்கோடு பேசும்படி செய்வது. 2007இல் விஸ்டா வந்த காலத்திலிருந்தே இதற்கு வாசாபி எக்ஸ்குளூசிவ் என்ற முறை விண்டோஸில் இருக்கிறது. ஃபூபாரில் பிரிஃபரன்சஸ், பிளேபேக், அவுட்புட் என்று போனால் சாதனங்களின் பட்டியல் வரும். உங்கள் டாக்கின் பெயர் அதில் இரண்டு முறை இருக்கும். எக்ஸ்குளூசிவ் என்று குறித்திருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரி இல்லையென்றால் செயலி பழைய பதிப்பாக இருக்கும், புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: இந்த முறையில் விண்டோஸின் ஒலியளவுப் பட்டைக்குப் பாட்டின் மேல் பெரும்பாலும் அதிகாரம் கிடையாது. இதுவரை அதைக் குறைத்து வைத்துக் கேட்டுப் பழகியிருந்தால், முதல் பாட்டு முழு அளவில் பாயக்கூடும். ஆகவே பெருக்கியின் குமிழை அடியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பாட்டு ஓடும்போது உலாவியில் காணொளி ஊமையாகிவிட்டது என்றும் பதற வேண்டாம். சாதனம் முழுவதையும் ஃபூபார் தன் கையில் எடுத்துக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. கலப்பானை ஒதுக்கும் இன்னொரு வழியான ஏசியோ டிரைவர் பற்றியும் பலர் பேசுவார்கள். ஒலிப்பதிவு செய்வோருக்கு அது இன்றியமையாதது, பாட்டு கேட்பதற்கு வாசாபி போதும்.

டிஎஸ்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் 24 பிட் எண்கள் கிடையாது. நொடிக்கு 28,22,400 முறை எடுத்த ஒரு பிட் மட்டுமே உண்டு, அதாவது குறுந்தகட்டு வீதத்தின் 64 மடங்கு. யூஎஸ்பி வழியாக அதை அனுப்ப டிஓபி என்றொரு உத்தி வைத்திருக்கிறார்கள். டிஎஸ்டியின் 16 பிட்டுகளை ஒரு 24 பிட் சட்டத்துக்குள் வைத்து, மீதி 8 பிட்டில் ஓர் அடையாளக் குறியைப் போட்டு, 176.4 கிலோஹெர்ட்ஸ் கோப்புபோல வேடமிட்டு அனுப்புவார்கள். குறியை அறிந்த டாக் உறையைப் பிரித்துப் படிக்கும்; அறியாத டாக்கில் வெறும் இரைச்சல்தான் வரும். இரைச்சல் வந்தால் கோப்பை 88.2க்கு மாற்றிக் கேளுங்கள்.

காவிரிக்கரை:

மிக்க நன்றி ஐயா. குமிழைப் பற்றிய எச்சரிக்கையை இரண்டாம் முறைதான் நினைவில் கொண்டேன். முதல் முறை சமையலறையிலிருந்து என் மனைவி ஓடி வந்துவிட்டார். குறுந்தகட்டுக்கு 44.1 என்றும் வீணைக்கு 96 என்றும் இப்போது திரை ஒழுங்காகக் காட்டுகிறது. பியானோவும் டிஎஸ்டியும் மட்டும் ஓட மறுக்கின்றன. இந்த வடிவத்தைச் சாதனம் ஏற்கவில்லை என்று ஃபூபார் பிழை காட்டுகிறது. 192 வரை ஏற்கும் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறதே?

கம்பிச்சுருள்:

கையேடு பொய் சொல்லியிருக்காது. பெட்டியின் பின்புறத்திலோ அடிப்பகுதியிலோ யூஎஸ்பி 1, 2 என்று எழுதிய சிறிய விசை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டாக்குகள் சிலவற்றில் அது உண்டு, பெரும்பாலும் 1இல் விட்டுத்தான் விற்பார்கள். 24 பிட் ஒலி 96இல் ஓடி, 176.4இலும் 192இலும் நின்றுவிடுவது இந்தக் கோளாறின் முகவரி.

காரணம் சுவையானது. யூஎஸ்பி ஆடியோவின் முதல் வகுப்பு, நொடிக்கு 12 மெகாபிட் ஓடும் பழைய வேகத்தில் வேலை செய்கிறது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், இரண்டு தடம் என்று பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 9.2 மெகாபிட்தான் வருகிறது. 12க்குள் அடங்கிவிடும்போலத் தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வேகத்தில் ஒலியை மில்லி நொடிக்கு ஒரு பொட்டலமாகத்தான் அனுப்ப முடியும், ஒரு பொட்டலத்தில் 1023 பைட்டுக்கு மேல் ஏறாது. 96இல் மில்லி நொடிக்கு 96 மாதிரிகள், ஒவ்வொன்றும் இரண்டு தடத்துக்குச் சேர்த்து 6 பைட். மொத்தம் 576, தாராளமாக இடம் இருக்கிறது. 192இல் 1152 ஆகிவிடுகிறது. 176.4இலும் சராசரியாக 1058 வருவதால் மயிரிழையில் தவறிப்போகிறது; உங்கள் டிஎஸ்டி நின்றதும் அதனால்தான், ஏனெனில் டிஓபி உறை 176.4 வேடத்தில் அல்லவா வருகிறது!

விசையை 2க்குத் தள்ளினால் இரண்டாம் வகுப்பு, நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில் இயங்கும். அதற்கான டிரைவர் விண்டோஸ் 10இன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இயங்குதளத்தோடேயே வருகிறது. அதற்கு முன்பு தயாரிப்பாளர் தரும் டிரைவரை நிறுவாமல் வேலை நடக்காது. பழைய கணினிகளில் எப்படியாவது ஒலி வரட்டும் என்றுதான் அந்த விசையை 1இல் வைத்து அனுப்பினார்கள் என்பது என் ஊகம். நீங்கள் இருப்பது விண்டோஸ் 11 என்பதால் கவலையில்லை.

பழைய ஒலிநாடா:

கம்பிகளும் விசைகளும் சரியாகிவிட்டால், அடுத்து கோப்பையே சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து. 96 என்று பெயர் எழுதிய உறைக்குள் 44.1 சரக்கை வைத்து விற்பது புதிதல்ல. உங்களிடமுள்ள 1980களின் தொகுப்பைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஸ்பெக், அடாசிட்டி ஆகிய இலவசச் செயலிகளில் ஒன்றில் கோப்பைத் திறந்து, அதன் நிறமாலைப் படத்தைப் பாருங்கள். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 48 வரை இடம் இருக்கும். உண்மையான பதிவில் இசையின் ஒளி மேலே போகப் போக மங்கி, நாடாவின் இரைச்சலோ மைக்கின் இரைச்சலோ பனிபோல உச்சி வரை படர்ந்திருக்கும். 22 அருகே கத்தியால் சீவியதுபோல எல்லாம் நின்று, அதற்கு மேல் முழு இருட்டாக இருந்தால், குறுந்தகட்டுத் தரத்தை ஏற்றி விற்றிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். 15.6 கிலோஹெர்ட்ஸ் அருகே தொடக்கம் முதல் முடிவு வரை மெல்லிய நேர்க்கோடு ஒன்று தெரிந்தால் அதைக் குற்றமாக எண்ண வேண்டாம். பதிவுக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய குழாய்த் தொலைக்காட்சியின் கீச்சொலி அது. எனக்கு அந்தக் கோட்டைப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சிகூட உண்டு.

ஆனால் எல்லாமே மோசடி என்றும் சொல்லிவிட முடியாது. 1980களில் குறுந்தகட்டுக்கான மூலப்பிரதிகள் பலவும் சோனியின் பிசிஎம்-1610, 1630 போன்ற கருவிகளில் 16 பிட், 44.1 வீதத்திலேயே உருவாயின. அந்த மூலம் மட்டுமே எஞ்சியிருக்கும் பதிவுக்கு அதற்கு மேல் ஒரு துளியும் சேர்க்க எவராலும் இயலாது. பதிவு ஒலிநாடாவில் இருந்தால், அதை இன்று புதிதாக 96இல் எடுக்க முடியும். ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, எதிலிருந்து எடுத்தீர்கள் என்பதுதான். பிட் ஆழத்திலும், அதாவது ஒவ்வொரு மாதிரிக்கும் எத்தனை பிட் என்பதிலும், ஒரு தடயம் உண்டு. 16 பிட் ஒலியின் பின்னால் எட்டுச் சுழியங்களைச் சேர்த்து 24 என்று ஆக்கியிருந்தால், ஃபிளாக் அந்தச் சுழியங்களைக் கண்டுபிடித்துச் சுருட்டிவிடும். கோப்பின் அளவு எதிர்பார்த்ததைவிடக் கணிசமாகச் சிறுத்திருக்கும்.

இனிச் சற்றுக் கசப்பான செய்தி. 44.1 வீதத்தில் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை எல்லாம் அடங்கிவிடுகிறது. இளம் காதுக்கே எல்லை ஏறத்தாழ 20, வயது ஏற ஏற அது இறங்கும். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்துல்லிய ஒலியையும் அதே ஒலியைக் குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கியதையும் எது எதுவென்று சொல்லாமல் கேட்கச் செய்து வெளியிட்ட ஆய்வில், 554 முயற்சிகளில் 276 சரியாயின. காசைச் சுண்டினாலும் அவ்வளவு வரும். 2016இல் ரெய்ஸ் என்பவர் 18 சோதனைகளின் 12,500க்கும் மேற்பட்ட முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 விழுக்காடு சரியாக இருந்தது. ஏதோ இருக்கிறது, ஆனால் மிக மெல்லியது. ஒலிபெருக்கியை இரண்டு அடி நகர்த்தி வைத்தால் கிடைக்கும் மாற்றத்தோடு இதை ஒப்பிடவே முடியாது.

நீங்களே சோதிக்க விரும்பினால் எது எதுவென்று சொல்லாமல் இரண்டு கோப்புகளை இயக்கி அடையாளம் காணச் சொல்லும் ஏபிஎக்ஸ் என்ற துணைநிரல் ஃபூபாருக்கு இருக்கிறது. வீணைக் கோப்பை 44.1க்கும் 16 பிட்டுக்கும் இறக்கி ஒரு பிரதி எடுங்கள்; அதை மீண்டும் 96க்கு ஏற்றிய பிறகே மூலத்தோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் டாக்கின் திரையில் மாறும் எண்ணே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்பொறி:

ரீங்காரம் விடுபட்டுவிட்டது. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். கணினிக்கும் பெருக்கிக்கும் தனித்தனியே நில இணைப்பு இருந்து, யூஎஸ்பி கம்பி வழியாக இரண்டும் வளையமாக இணைந்துவிடும்போது பெரும்பாலும் எழுவது. யூஎஸ்பி கம்பியைப் பிடுங்கியதும் ரீங்காரம் நின்றால் காரணம் உறுதி. முதலில் கணினி, டாக், பெருக்கி மூன்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகிப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால், கணினியில் ஒளியிழை வெளியீடு இருக்கும் பட்சத்தில் அதைப் பயன்படுத்துங்கள். ஒளிக்கு நில இணைப்பு தெரியாது. ஆனால் அந்த வழியில் 96 வரை மட்டுமே நம்பலாம். நில முனையை உடைத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று எவராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பெருக்கியின் உலோக உடலில் கசிவு ஏற்படும் நாளில் அந்த முனைதான் உயிரைக் காக்கும்.

காவிரிக்கரை:

விசை பின்புறத்தில், ஒட்டுத்தாளுக்கு அடியில் ஒளிந்திருந்தது. 2க்குத் தள்ளியதும் பியானோவுக்கு 192 வந்துவிட்டது. டிஎஸ்டி ஓடத் தொடங்கியது, ஆனால் மெல்லிய இரைச்சலாக, ஆகவே 88.2க்கு மாற்றிக் கேட்கிறேன். ஒரே பலகையில் செருகியதும் ரீங்காரம் முற்றாக அடங்கியது.

வீணையின் நிறமாலை பனிபோல மேலே வரை படர்ந்திருக்கிறது. 1980களின் தொகுப்பில் பன்னிரண்டு பாடல்களிலும் 22 அருகே சுவர் எழுப்பியதுபோல நிற்கிறது. எந்த மூலத்திலிருந்து எடுத்தீர்கள் என்று விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டு ஐந்து நாட்களாகின்றன. பதில் வந்தால் இங்கே பதிகிறேன். ஏபிஎக்ஸ் சோதனையில் பதினாறுக்கு ஒன்பது எடுத்தேன். என் பேத்தி பதினாறுக்கு எட்டு எடுத்துவிட்டு, தாத்தா ஜெயித்துவிட்டார் என்று வீடெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.