மிச்சிகனில் மோரல் காளான் பறிக்கப் போறவங்களுக்கு

தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் மோரல் பறிக்கக் கூப்பிடுறார், போகலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா போங்க. ஏப்ரல் கடைசியும் மே மாசமும்தான் இங்கே சீசன். பட்டுப்போன எல்ம், ஆஷ் மரங்களைச் சுற்றித்தான் முதல்ல தேடுவாங்க. பழைய ஆப்பிள் தோட்டங்களிலும் முளைக்கும், ஆனா அங்கே பறிக்காதீங்க. முன்காலத்தில் அடிச்ச ஈய ஆர்சனேட் பூச்சிமருந்து மண்ணில் இன்னும் தங்கியிருக்கலாம். ஊரில் மழைக்குப் பிறகு புற்றுக்காளான் பறிச்ச அனுபவத்தையும் இங்கே நம்ப வேண்டாம்.

மோரலின் தலை முழுக்கக் குழியும், குழிகளுக்கிடையே மேடுமா இருக்கும். போலி மோரலான ஜைரோமிட்ராவில் குழி இருக்காது. ஆட்டு மூளை மாதிரி மடிப்பு மடிப்பா, செம்பழுப்பா இருக்கும். முத்திச் சுருங்கின காளானில் இந்த வித்தியாசம் சரியாத் தெரியாது. அதனால ஒவ்வொன்றையும், ஒண்ணு விடாம, உச்சியிலிருந்து காம்பின் அடிவரை நெடுக்கா வெட்டிப் பாருங்க. நல்ல மோரல் உள்ளே மேலிருந்து கீழ்வரை ஒரே வெற்றிடம், தலையின் கீழ்விளிம்பு காம்போட ஒட்டியிருக்கும். ஜைரோமிட்ரா உள்ளே அறை அறையா, சதையோட இருக்கும். வெர்பான்னு இன்னொண்ணு உண்டு. தலை உச்சியில் மட்டும் ஒட்டி, சுற்றிலும் விலகித் தொங்கும். காம்புக்குள்ளே பஞ்சு அடைச்சிருக்கும். இங்கே சிலர் அதையும் சாப்பிடுறாங்க. நீங்க தொடவே வேண்டாம்.

ஜைரோமிட்ரா நஞ்சு உடம்புக்குள்ளே மோனோமெதில்ஹைட்ரசினா மாறும். ராக்கெட் எரிபொருளில் சேர்க்கிற பொருள் அது. சாப்பிட்டுப் பல மணி நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம்தான் வாந்தி, பேதி, முத்தினா வலிப்பு, கல்லீரல் பாதிப்பு. வேகவைக்கும்போது ஆவியிலும் நஞ்சு வரும், அதனால கொதிக்கவெச்சுத் தண்ணியைக் கொட்டினாப் போதும்னு யார் சொன்னாலும் கேட்காதீங்க.

நல்ல மோரலையும் பச்சையாச் சாப்பிடக் கூடாது. 2023-இல் மொன்டானாவின் போஸ்மன் நகரில் ஒரே உணவகத்தில் சாப்பிட்ட 51 பேருக்கு உடம்பு கெட்டது, அதில் 2 பேர் இறந்துட்டாங்க. பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறின மோரலோடதான் அதைத் தொடர்புபடுத்தினாங்க. நம்ம வீட்டுச் சமையல் மாதிரி நல்லா சுருள வதக்குங்க. முதல் தடவை கொஞ்சமாச் சாப்பிடுங்க, கூட மது வேண்டாம். குழந்தைகளுக்கு இந்த வருஷம் கொடுக்காதீங்க.

சமைக்காத காளான் ஒண்ணை பேப்பர் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்க. யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா எது சாப்பிட்டோம்னு கண்டுபிடிக்க உதவும். அறிகுறி வரட்டும்னு காத்திருக்காம, சந்தேகம் வந்த உடனே 1-800-222-1222-க்குக் கூப்பிடுங்க. விஷ முறிவு ஆலோசனை மையத்தோட இலவச எண், ராத்திரியிலும் எடுப்பாங்க. வலிப்பு, மயக்கம்னா நேரா 911.